வாழைத் திசு வளர்ப்பில் காற்றோட்ட மூடி செய்வது எப்படி?

ஆய்வகத்தில் தளதளவென்று நின்ற ஜி-9 வாழைக் கன்று, நிழல்வலைக் குடிலுக்கு வந்ததும் துவண்டு விழுந்தால் பலரும் வளர்ப்பு ஊடகத்தைத்தான் சந்தேகிக்கிறார்கள். முதலில் புட்டியின் மூடியைப் பாருங்கள். இறுக மூடிய புட்டிக்குள் ஈரப்பதம் ஏறக்குறைய 100 சதவீதம். அதில் வளரும் இலையில் மெழுகுப் பூச்சு சரியாகப் படியாது. இலைத்துளைகள் தேவையானபோது மூடிக்கொள்ளப் பழகுவதும் இல்லை. விளக்கு எரியத் தொடங்கிய சில மணி நேரத்தில் கரியமில வாயு குறைந்துவிடும். செடி வெளியிடும் எத்திலீனோ உள்ளேயே தேங்கும்.

இதைச் சரிசெய்யக் கண்ணாடி ஜாம் பாட்டிலை மாற்ற வேண்டியதில்லை. மூடி மட்டும் பாலிபுரொப்பிலீனாக இருக்கட்டும். 121 டிகிரி ஆட்டோகிளேவ் வெப்பத்தைத் தாங்கும். பாலிஸ்டைரீன் நெளிந்துவிடும்.

மூடியின் நடுவே சுமார் 10 மி.மீ. துளையிட்டு, பிசிறைச் சுத்தமாகச் சீவுங்கள். பிசிறு இருந்தால் வடிகட்டி சரியாக ஒட்டாது. பூஞ்சை நுழைவது அந்த இடுக்கில்தான். வெளிப்பக்கத்தை ஸ்பிரிட்டால் துடைத்து உலரவிட்டு, ஆட்டோகிளேவைத் தாங்கும், நீர் ஒட்டாத 0.2 முதல் 0.45 மைக்ரான் வடிகட்டி வில்லையை ஒட்டுங்கள். விளிம்பு முழுவதையும் விரலால் அழுத்தித் தேய்க்க வேண்டும். சாதாரணப் பஞ்சு அடைப்பு மலிவுதான். ஆனால் நனைந்தால் கிருமிக்கு வழிவிடும்.

செடி வைக்குமுன் ஊடகம் மட்டும் ஊற்றிய சில புட்டிகளை இந்த மூடியோடு ஆட்டோகிளேவ் செய்து, வளர்ப்பறையில் ஒரு வாரம் வைத்துப் பாருங்கள். பூஞ்சை படிந்தால் ஒட்டியதில் குறை இருக்கலாம்.

காற்றோடு ஈரமும் வெளியேறும். ஊடகம் சுருங்கி உப்புச் செறிவு கூடும். அதனால் வழக்கத்தைவிடச் சற்று அதிகமாக ஊடகம் ஊற்றி, சில புட்டிகளை வாராவாரம் எடைபோட்டுக் குறித்துவாருங்கள். கீழ்த்தட்டு விளக்கின் சூடு மேல்தட்டுப் புட்டியின் அடியைத் தாக்கினால், நீராவி எழுந்து மூடியில் துளித்துளியாய்ப் படிந்து வடிகட்டியை அடைக்கும். விளக்கின் சோக், டிரைவர்களை அறைக்கு வெளியே மாற்றுவது நல்லது.

காற்றோட்டம் வந்துவிட்டதே என்று ஊடகத்தில் சர்க்கரையை உடனே குறைக்காதீர்கள். ஜப்பானின் சிபா பல்கலைக்கழகப் பேராசிரியர் டொயோகி கோசாய் திசு வளர்ப்புச் செடிகளைச் சர்க்கரையே இல்லாமல் வளர்த்துக் காட்டினார். ஆனால் அந்த முறைக்குக் கரியமில வாயுவும் போதிய ஒளியும் தர வேண்டும்.

வேர்விடும் கட்டத்தில் ஒரே தொகுதிக் கன்றுகளைப் பாதிக்குப் பாதி பிரித்து, இறுகிய மூடி, காற்றோட்ட மூடி என இரு வகையிலும் வையுங்கள். வெளியே எடுக்கும் நாளில் இரண்டிலிருந்தும் ஒரே அளவு இலையைக் கிள்ளி மேசையில் போட்டு, எது முதலில் சுருள்கிறது என்று பாருங்கள். புரோட்ரேயில் ஒரு மாதம் கழித்து, பிழைத்த கன்றுகளைத் தனித்தனியே எண்ணி, வடிகட்டிச் செலவைக் கணக்கிடுங்கள்.