கவுட் வலியும் நம் ஊர்க் கண்வலிக்கிழங்கும்



இரவில் நன்றாகப் படுத்தவருக்கு விடியும் முன்பே கால் பெருவிரல் சிவந்து வீங்கிவிடுகிறது. போர்வை பட்டாலும் உயிர் போகும் வலி. சுளுக்கு என்று நினைத்து எண்ணெய் தேய்க்கிறோம். பல நேரங்களில் அது கவுட் என்னும் மூட்டு நோய். யூனானி மருத்துவம் இதை 'நிக்ரிஸ்' என்கிறது.

இரத்தத்தில் யூரிக் அமிலம் கூடும்போது, அது ஊசி போன்ற படிகங்களாக மூட்டுக்குள் படிகிறது. அதனால்தான் இந்த வீக்கமும் வலியும்.

கண்வலிக்கிழங்கு: மருந்தா, விஷமா?

யூனானி ஹகீம்கள் நிக்ரிஸுக்குச் சூரிஞ்சான் என்ற கிழங்கைப் பல நூற்றாண்டுகளாகக் கொடுத்து வந்துள்ளனர். அதில் இருக்கும் கோல்சிசின் என்ற பொருள் 1820-ல் பிரித்தெடுக்கப்பட்டது. இன்றும் கவுட் வலிக்கு மருத்துவர்கள் எழுதித் தரும் மாத்திரைகளில் அதுவும் ஒன்று.

அதே கோல்சிசின் நம் பகுதியில் விளையும் கண்வலிக்கிழங்கிலும் இருக்கிறது. நம் மாநில மலரான செங்காந்தளின் கிழங்குதான் அது. ஜெயங்கொண்டம் பக்கம் விதைக்காகவே இதைப் பயிரிடுகிறார்கள்.

இதை அறிந்த சிலர், "மாத்திரை எதற்கு? கிழங்கையே அரைத்துக் குடிக்கலாமே" என்பார்கள். தயவுசெய்து அந்தப் பேச்சைக் கேட்காதீர்கள். மாத்திரையில் கோல்சிசின் அரை மில்லிகிராம் என்று அளந்து வைக்கப்பட்டிருக்கிறது. கிழங்கில் எவ்வளவு என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அளவு மீறினால் சில மணி நேரத்தில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கும்; பிறகு சிறுநீரகம், இதயம், எலும்பு மஜ்ஜை எல்லாம் பாதிக்கப்படும். இதற்கு எளிதில் கிடைக்கும் மாற்று மருந்து கிடையாது. வள்ளிக்கிழங்கு என்று நினைத்துச் சாப்பிட்டு இறந்தவர்கள் தமிழகத்திலும் இலங்கையிலும் உண்டு. தவறிச் சாப்பிட்டுவிட்டால், வாந்தி வரும்வரை காத்திராமல் உடனே 108-ஐ அழையுங்கள்.

வீட்டில் செய்யக்கூடியவை

1. வலி வந்த காலை உயர்த்தி வைத்து ஓய்வு கொடுங்கள். ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி 10 முதல் 15 நிமிடம் ஒத்தடம் கொடுங்கள். அழுத்தித் தேய்க்க வேண்டாம்.

2. தண்ணீர் நிறையக் குடியுங்கள். நோன்பு காலத்தில் இஃப்தாருக்கும் ஸஹருக்கும் இடையில் பிரித்துக் குடியுங்கள். வளைகுடா வெயிலில் வேலை செய்யும் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லுங்கள். இதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்கள் மருத்துவர் சொன்ன அளவே குடிக்க வேண்டும்.

3. ஈரல், மூளை, குடல், நெத்திலி, மத்தி ஆகியவற்றைத் தவிருங்கள். ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சியைக் குறையுங்கள். குர்பானி நாட்களில் கூடுதல் கவனம் தேவை. பாட்டில் குளிர்பானங்களும் யூரிக் அமிலத்தைக் கூட்டும்.

4. மோர், தயிர், கீரை, பருப்பு சாப்பிடலாம். பருப்பை அறவே ஒதுக்க வேண்டியதில்லை.

5. முடக்கத்தான் தோசை, ரசம் நல்ல உணவுதான். நெல்லிக்காயும் அப்படியே. ஆனால் இவற்றை மட்டும் நம்பி மருத்துவர் தந்த மாத்திரையை நிறுத்தக் கூடாது.

மருத்துவரிடம் எப்போது போவது?

முதல் முறை வலி வந்தவுடனே போய் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். காய்ச்சலுடன் மூட்டு வீங்கினால் அது கிருமித் தொற்றாகவும் இருக்கலாம். அன்றே போக வேண்டும். இரத்த அழுத்தத்துக்குச் சாப்பிடும் சில மாத்திரைகளும் யூரிக் அமிலத்தைக் கூட்டும். அவற்றை நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் கேளுங்கள்.

கோல்சிசின் வலியைத்தான் தணிக்கும். யூரிக் அமிலத்தைக் குறைக்காது. அதற்கு வேறு மாத்திரை உண்டு. வலி அடிக்கடி திரும்பி வருபவர்கள் அதை நாள்தோறும் எடுத்து, அளவை 6-க்குக் கீழே வைத்திருந்தால் படிகங்கள் மெல்லக் கரையும். மூலிகை மருத்துவத்தை விரும்புவோர் அரசு மருத்துவமனையின் சித்தா பிரிவுக்குச் செல்லலாம். அங்கேயும் இப்போது சாப்பிடும் மாத்திரைகளைக் காட்டுங்கள்.

செங்காந்தள் பயிரிடும் குடும்பங்கள் கிழங்கையும் விதையையும் சமையல் பொருட்களோடு வைக்காமல், குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள்.

அல்லாஹ் நம் அனைவருக்கும் பூரண சுகத்தைத் தருவானாக. ஆமீன்.