காசின் விலை

வந்தவாசியை அடுத்த தெள்ளாற்றில், 9ஆம் நூற்றாண்டில், பாண்டியர் படையை வென்றவன் பல்லவ மன்னன் மூன்றாம் நந்திவர்மன். 'தெள்ளாறெறிந்த' என்னும் அடைமொழி இன்றும் அவன் பெயரோடு நிற்கிறது. காளை பொறித்த பல்லவர் காசு ஒன்று அங்கே உழவர் ஒருவர் கையில் அகப்பட்டால், அதன் விலை யாது? பழமையே விலை என்பர் பலர். அஃது உண்மையன்று.

முதலாம் இராசராசனின் செப்புக்காசு ஆயிரம் ஆண்டுப் பழமையுடையது. எனினும், தமிழகத்திலும் ஈழத்திலும் ஏராளமாகக் கிடைப்பதால் எளிய விலைக்கே விற்கிறது. ஆறாம் ஜார்ஜ் உருவம் பொறித்த 1939ஆம் ஆண்டு வெள்ளி ரூபாய்க்கோ இன்னும் நூறாண்டு நிறையவில்லை; மிகச் சிலவே எஞ்சியமையால், வெள்ளியின் மதிப்பைப் பன்மடங்கு கடந்து ஏலம் போகிறது.

அருமை மட்டும் போதாது, நாடுவோரும் வேண்டும். கரூர் அமராவதி ஆற்றுப்படுகையில் கிடைத்த காசுகளைச் சேகரிப்போர் தேடி வாங்கினர். 'மாக்கோதை' என்று தமிழி எழுத்தில் பொறித்த சேரர் வெள்ளிக்காசை இரா. கிருஷ்ணமூர்த்தி போன்ற ஆய்வாளர்கள் உலகறியச் செய்தனர். வாங்குவார் இல்லையேல் அவை தட்டார் உலையில் உருகியிருக்கும்.

அதே வேட்கை போலிக்காசுகளையும் பெருக்குகிறது. கைமாறிக் கைமாறி வரும் காசு, தான் கிடைத்த இடத்தின் செய்தியை இழக்கிறது. வரலாற்றுக்கு அவ்விழப்பே பெரிது. பளபளக்கட்டும் எனப் புளியிட்டுத் துலக்கினாலோ, காலம் படியவைத்த பாசிமேனி நீங்கி விலையும் சரியும்.

அவ்வுழவர் செய்யத்தக்கது யாது? நிலத்தில் மறைந்திருந்து வெளிப்படும் பொருள் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புடையதாயின், 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்கு அறிவித்தல் வேண்டும்.