இணையம் வழியாகப் பேசுவோம்: இலாபமும் உண்டு, எச்சரிக்கையும் வேணும்



குழுக் கூட்டங்களுக்கு நாங்கள் வரும்போது, "வாட்ஸ்அப்பில் பேசினா காசே இல்லையாமே, அது எப்படி? நம்பலாமா?" என்று பலரும் கேட்கிறீர்கள். இந்த மாதப் பாடம் அதைப் பற்றியதுதான்.

நம்ம ஊர்க் கதை

1962-இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளவும் வாய்ப்பு இருந்தது. அதனால்தான் இன்றும் நம்மில் பலருக்குப் பிரான்சில் உறவு இருக்கிறது. 'சொல்தா' வீடுகளை யாருக்குத்தான் தெரியாது? முன்பெல்லாம் மஞ்சள் போர்டு போட்ட பூத்தில் நின்று, மீட்டர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே இரண்டு வார்த்தை பேசிவிட்டு வைத்துவிடுவோம்.

தகவல் தொழில்நுட்பம் நமக்குப் புதிதல்ல. 1998-இல் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூரை மையமாக வைத்துக் கிராமத் தகவல் மையங்களைத் தொடங்கியது. இணையத்தில் எடுத்த அலை உயரச் செய்தியை வீராம்பட்டினத்தில் ஒலிபெருக்கியில் சொன்னார்கள். மீனவக் குடும்பங்கள் அதைக் கேட்டுப் பயனடைந்தன.

எப்படி வேலை செய்கிறது?

நம்ம குரலைச் சின்னச் சின்னத் துண்டுகளாக்கி, ஒவ்வொன்றுக்கும் முகவரி போட்டு இணையத்தில் அனுப்புகிறார்கள். அந்தப் பக்கம் அவை வரிசையாகச் சேர்ந்து குரலாகின்றன. துண்டு வரத் தாமதமானால் பேச்சு விட்டுவிட்டுக் கேட்கும். இந்தியாவில் 2002 ஏப்ரலில் இதற்கு அனுமதி கிடைத்தது. வாட்ஸ்அப்பில் குரல் அழைப்பு 2015-இலும், வீடியோ அழைப்பு 2016-இலும் வந்தன.

நன்மைகள்

1. வெளிநாட்டுக்குத் தனிக் கட்டணம் இல்லை. நெட் பேக் இருந்தால் போதும்.
2. முகம் பார்த்துப் பேசலாம். பேரக்குழந்தையையும் பார்க்கலாம், விற்பனைப் பொருளையும் காட்டலாம்.
3. பல ஊர்களில் இருக்கும் ஊக்குநர்களும் பிரதிநிதிகளும் ஒரே நேரத்தில் பேசலாம். பஸ் செலவு மிச்சம்.

குறைபாடுகள்

1. 'இலவசம்' என்பது முழு உண்மை இல்லை. டேட்டாவுக்கு நாம்தான் காசு கொடுக்கிறோம். குரலைவிட வீடியோவுக்குப் பல மடங்கு டேட்டா செலவாகும்.
2. சிக்னலும் கரண்டும் வேணும். 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல் நம்ம பக்கம் கரை கடந்தபோது பட்டது நினைவிருக்கும். அவசர எண்களை வாட்ஸ்அப்பில் அழைக்க முடியாது; 112-க்குச் சாதாரண அழைப்புதான்.
3. சேவை எப்போதும் இருக்கும் என்று சொல்ல முடியாது. உலகமே பயன்படுத்திய ஸ்கைப் 2025 மே மாதம் மூடப்பட்டது. முக்கியமான எண்களை நோட்டிலும் எழுதி வையுங்கள்.
4. ஏமாற்றுக்காரர்களுக்கும் இது வசதி. போலீஸ் உடையில் வீடியோவில் வந்து, "உங்களை டிஜிட்டல் கைது செய்திருக்கிறோம், பணம் அனுப்பு" என்று மிரட்டுகிறார்கள். நம் சட்டத்தில் அப்படி ஒரு கைதே கிடையாது.

குழுப் பணம் பத்திரம்!

தெரிந்தவர் படத்தை வைத்துக்கொண்டு, "அக்கா, அவசரம், பத்தாயிரம் அனுப்புங்க" என்று செய்தி வரலாம். உடனே அனுப்பாதீர்கள். அவருடைய பழைய எண்ணுக்குச் சாதாரண அழைப்பு போட்டுக் குரலைக் கேளுங்கள். போனில் வரும் ஆறு இலக்க எண்ணை யார் கேட்டாலும் சொல்லக்கூடாது; சொன்னால் உங்கள் வாட்ஸ்அப் அவர் கைக்குப் போய்விடும். வங்கியிலிருந்து பேசுகிறோம் என்றாலும் ரகசிய எண்ணைத் தராதீர்கள். குழுச் சேமிப்பு ஒருவர் பணமல்ல, இருபது குடும்பத்தின் வியர்வை. வீடியோவில் பேசி முடிவெடுத்தாலும், தீர்மான நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கிய பிறகே பணம் எடுக்க வேண்டும்.

பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். உடனே 1930-க்கு போன் செய்யுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, பணத்தை நிறுத்தி வைக்க அவ்வளவு வாய்ப்பு. ஏமாந்தவரைத் திட்டாமல் குழுவே கூட நிற்க வேண்டும். திட்டுக்குப் பயந்து ஒருநாள் தள்ளிப்போட்டால் நட்டம்தான் கூடும்.

குழுவில் கலந்து பேச

• நம் குழுவில் எத்தனை பேருக்குச் சொந்த போன் இருக்கிறது? மகனோ கணவரோ போட்டுக் கொடுத்தால்தான் பேச முடியும் என்ற நிலையில் எத்தனை பேர்?
• முக்கியமான ஐந்து எண்களை நோட்டில் எழுதியிருக்கிறோமா?
• அடுத்த கூட்டத்துக்குள் ஒவ்வொருவரும் இன்னொருவருக்கு வாட்ஸ்அப்பில் பேசக் கற்றுக்கொடுக்க முடியுமா?

பேசுவது நம் உரிமை. விழிப்போடு பேசுவோம்!