சிறுமியர்க்கு உகந்த உடை

எட்டு, பத்துப் பிராயத்துப் பெண் குழந்தைகளுக்கென்று கடைகளில் தொங்கும் ஆயத்த ஆடைகளிற் பல, பெரியவர்களின் உடுப்பைச் சுருக்கித் தைத்தாற்போல முதுகு திறந்தும் தோள் இறங்கியும் இருப்பதனால், குழந்தை குழந்தையாகவே விளங்கவேண்டுமென விரும்பும் தாய்மார்கள், தீபாவளிக்கு ஒரு மாதம் முன்னதாகவே துணி எடுத்துத் தையற்காரரிடம் கொடுத்துவிடுவதே உத்தமம்.

பருத்தித் துணியாயின், வெட்டுவதற்கு முன் ஓரிரவு தண்ணீரில் ஊறவைத்து உலர்த்திக்கொண்டால், பிற்பாடு சுருங்கிச் சட்டை மேலேறிவிடும் சங்கடம் நேராது. பாவாடையை நாடாவினால் இடுப்பில் இறுக்குவதைக் காட்டிலும், கையில்லாத பாடியுடன் சேர்த்துத் தைப்பது மிகவும் விசேஷம். பாரம் தோளில் தங்குவதால் இடுப்பில் தழும்பு விழுவதில்லை, ஓடியாடும்போது நழுவுவதுமில்லை. கீழ்க்கரைக்கு மேலே உட்புறமாக இரண்டு மூன்று மடிப்புகள் பிடித்துவைத்து, பெண் வளர வளர ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டால், விலையுயர்ந்த பட்டுப் பாவாடையும் ஒரே வருஷத்தில் குட்டையாகிப் பெட்டிக்குள் போகவேண்டியதில்லை. சட்டையின் ஜரிகை உறுத்தாதிருக்க உள்ளே மல் துணி கொடுப்பது அவசியம்.

ஆயத்த ஆடையே வாங்க நேர்ந்தால், துணிக்குப் பின்னால் உள்ளங்கையை வைத்து, வெளிச்சத்தில் ரேகை தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் உள்துணி வேண்டும். குழந்தையை இரு கைகளையும் உயர்த்தச் சொல்லி, சம்மணமிட்டு உட்காரவும் செய்து, வயிறோ தொடையோ வெளித்தெரியுமாயின் அடுத்த அளவைக் கேளுங்கள். கழுத்தில் கயிறு தொங்கும் உடைகள், விளையாடும்போது எங்கேனும் சிக்கிக்கொள்ளுமாதலால், எத்தனை அழகாயினும் வேண்டாம். போட்டுப் பார்த்த குழந்தை கூச்சப்பட்டு முகஞ்சுளித்தால், அதன் அபிப்பிராயமே முடிவானது.