நாள் தள்ளிப்போனதும் தைராய்டு மாத்திரையை நிறுத்தாதீர்கள்

ஓசூர் சிப்காட்டில் வேலை பார்க்கும் பெண்ணுக்குக் கல்யாணமாகி ஆறு மாதம் ஆனதுமே, “ஏதாவது விசேஷமா?” என்று கேட்கத் தொடங்கிவிடுவார்கள். தங்கிய கரு இரண்டாம் மாதமே கலைந்துவிட்டால், ராத்திரி ஷிப்ட், கம்பெனி பஸ் குலுக்கல் என்று ஆளுக்கொரு காரணம் வரும். பழி மட்டும் அவள் மேலேயே விழும். தைராய்டு பார்த்தாயா என்று கேட்பவர்கள் குறைவு.

உடம்பின் நோய் எதிர்ப்புச் சக்தியே கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பியைத் தாக்குவதுதான் ஹாஷிமோட்டோ நோய். ஜப்பானிய மருத்துவர் ஹகாரு ஹாஷிமோட்டோ 1912-ல் இதை விவரித்தார். அதனால் தைராய்டு ஹார்மோன் குறைந்தால் மாதவிடாய் தாறுமாறாகும்; சில மாதங்களில் கருமுட்டையே வெளிவராது. கரு தங்கினாலும் கலையும் வாய்ப்பு கூடுகிறது. முதல் மூன்று மாதமும் குழந்தையின் மூளை வளர்ச்சி தாயின் தைராய்டு ஹார்மோனைத்தான் நம்பியிருக்கிறது. அதனால் கரு தங்கும் முன்பே கவனிக்க வேண்டும்.

முதல் வேலை, தைராய்டு சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும் டி.எஸ்.எச். ரத்தப் பரிசோதனை. மாதவிடாய் ஒழுங்கில்லாதவர்கள், ஒருமுறையாவது கரு கலைந்தவர்கள், ஒரு வருடம் முயன்றும் கரு தங்காதவர்கள், அம்மாவுக்கோ அக்காவுக்கோ தைராய்டு இருப்பவர்கள் தள்ளிப்போட வேண்டாம். முடி உதிர்வுக்குப் பயோட்டின் மாத்திரை சாப்பிட்டால் முன்கூட்டியே சொல்லுங்கள். அது முடிவை மாற்றிக் காட்டும். ஓசூரில் ஒரு தடவை, பெங்களூரில் ஒரு தடவை, தாய்வீட்டில் ஒரு தடவை என்று பார்த்த ரிப்போர்ட்டுகளையெல்லாம் ஒரே ஃபைலில் வையுங்கள்.

ஏற்கெனவே தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள், டி.எஸ்.எச். 2.5-க்குக் கீழே வந்தபின் கருத்தரிப்பது நல்லது. டி.எஸ்.எச். சரியாக இருந்து, ஆன்டி-டி.பி.ஓ. (தைராய்டைக் குறிவைக்கும் எதிர்ப்பொருள்) மட்டும் கூடியிருந்தால் பயப்படாதீர்கள். அப்படிப்பட்ட பெண்களுக்கு மாத்திரை கொடுத்துப் பார்த்த பிரிட்டன் ஆய்வு 2019-ல் வெளியானது. குழந்தைப் பேறு அதனால் கூடவில்லை. கரு தங்கியதும் டி.எஸ்.எச். பார்த்து, பாதிக் கர்ப்பக்காலம் வரை நான்கு வாரத்துக்கு ஒருமுறை கவனித்துவந்தால் போதும்.

மாத்திரை சாப்பிடும் முறையில்தான் பலருக்குச் சிக்கல். வெறும் வயிற்றில், தண்ணீரோடு. அரைமணி முதல் ஒருமணி நேரம் கழித்தே காப்பி. விடியற்காலை பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் மாத்திரையும் காப்பியும் ஒன்றாக உள்ளே போனால் மருந்து சரியாக உடம்பில் சேராது. காலையில் ஒத்துவராதவர்கள், மருத்துவரிடம் சொல்லிவிட்டு, சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்துப் படுக்கும் முன் போட்டுக்கொள்ளலாம். ஷிப்ட் மாறும் வாரங்களிலும் இப்படி ஏதாவதொரு வெறும் வயிற்று நேரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். கர்ப்பிணிகளுக்குத் தரும் இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கும் தைராய்டு மாத்திரைக்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும்.

கார்டில் இரண்டு கோடு தெரிந்ததும், “மாசமா இருக்கறப்ப மாத்திரை எதுக்கு?” என்று வீட்டில் யாராவது நிறுத்தச் சொல்லக்கூடும். நிறுத்தவே கூடாது. கர்ப்பத்தில் தேவை கூடத்தான் செய்யும். தினம் ஒன்று என வாரத்துக்கு ஏழு சாப்பிடுபவர்களை ஒன்பதாகக் கூட்டச் சொல்வது மருத்துவர்களின் வழக்கம். உங்களுக்கு எவ்வளவு என்று கரு தங்கும் முன்பே கேட்டு, சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நாள் தள்ளிப்போன அன்றே அந்தக் கூடுதல் அளவைத் தொடங்கலாம். தைராய்டு கூடியதற்குக் கார்பிமசோல் சாப்பிடுபவர்களுக்கு நிலைமை வேறு. ஆரம்ப மாதங்களில் அது குழந்தையைப் பாதிக்கலாம் என்பதால் கருத்தரிக்கும் முன்பே மருத்துவரைப் பாருங்கள். நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

பிரசவம் ஆனதும் மருத்துவர் பழைய அளவுக்குக் குறைப்பார். ஆறு வாரம் கழித்து மறுபடி டி.எஸ்.எச். பாருங்கள். அந்தச் சமயத்து அசதியையும் மனச்சோர்வையும் பச்சை உடம்பு என்று ஒதுக்கிவிடாதீர்கள். பிரசவத்துக்குப் பின் வரும் தைராய்டு அழற்சியாகவும் இருக்கலாம்.

இத்தனைக்குப் பிறகும் கரு கலைந்தால், அது உங்கள் குற்றமில்லை. மறுநாளே ஷிப்ட்டுக்கு ஓடாதீர்கள். சட்டப்படி கருச்சிதைவுக்கும் ஆறு வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு; ஈ.எஸ்.ஐ.யில் தகுதி உள்ளவர்களுக்கு அந்த 42 நாளுக்கும் பணம் கிடைக்கும். மருத்துவச் சான்றிதழைக் கொடுத்து அதைக் கேட்டு வாங்குங்கள்.