ஒலி வரும் வழி

நுழையும்முன்

கம்பியில்லாக் கருவிகள் செவ்வனே இயங்கும்வரை அவற்றின் செயல்முறையை எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. மேசைக் கணினியும் ஹெட்செட்டும் இணைய மறுக்கும்போது குறையைக் கண்டறியும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

பார்வை மாற்றுத்திறன் மாணவர் கணினியைச் செவியால் படிக்கிறார். திரையிலுள்ள எழுத்துகளைத் திரைவாசிப்பான் என்னும் மென்பொருள் பேச்சொலியாக மாற்றுகிறது. ஹெட்செட் அதனை அவர் செவியில் சேர்க்கிறது. அவ்விணைப்பு அறுந்தால் அவருக்குத் திரையே அணைந்துவிடுகிறது. இணையவழி நேர்காணலில் இருப்பவருக்கோ கேட்ட வினாவும் சொல்ல வேண்டிய விடையும் ஒருசேரத் தடைபடுகின்றன. ஆகவே, ஒலி எவ்வழியே வருகிறது என்பதை அறிந்திருத்தல் இன்றியமையாதது.

அலையின் பயணம்

கம்பியில்லா ஹெட்செட்டுகள் பலவும் புளூடூத் நுட்பத்தால் இயங்குகின்றன. இது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைக்கற்றையைப் பயன்படுத்துகிறது. வைஃபை, நுண்ணலை அடுப்பு ஆகியவற்றின் அலைகளும் இக்கற்றையிலேயே உலவுகின்றன. நெரிசலைத் தவிர்க்க, வழக்கமான புளூடூத் இணைப்பு 79 தடங்களுக்கிடையே நொடிக்கு 1600 முறை வரை தாவுகிறது. முதன்முறை இணையும்போது இரு கருவிகளும் ஒரு மறைகுறியைப் பகிர்ந்து நினைவில் வைக்கின்றன. அவற்றுள் ஒன்று அதனை இழந்தாலும் மறுமுறை இணைப்பு கிட்டாது.

குறை காணும் முறை

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றிப் பார்த்தல் இம்முறையின் அடிப்படை.

முதலில், ஹெட்செட்டின் மின்கலத்தை மின்னேற்றம் செய்து, கைப்பேசியுடன் இணைத்துப் பார்க்க வேண்டும். அங்கு ஒலி தெளிவாகக் கேட்டால், குறை பெரும்பாலும் கணினியின் பக்கமே உள்ளது. சோதித்தபின் கைப்பேசியின் புளூடூத்தை அணைத்தல் வேண்டும். இல்லையெனில் ஹெட்செட் அதனோடே இணைந்திருக்கக்கூடும்.

இரண்டாவதாக, கணினியில் புளூடூத் வசதி உள்ளதா எனக் காண வேண்டும். மேசைக் கணினிகள் பலவற்றில் அது இருப்பதில்லை, யூ.எஸ்.பி. அடாப்டர் ஒன்றைப் பொருத்த நேரும். வசதி இருந்தும் இயங்காவிடில், இயக்கி மென்பொருளைப் புதுப்பிக்கலாம்.

மூன்றாவதாக, பழைய இணைப்பை இரு கருவிகளிலும் நீக்கிவிட்டுப் புதிதாக இணைக்கலாம். 'இணைந்தது' எனக் காட்டியும் ஒலி வராவிடில், கணினியின் ஒலி அமைப்பில் ஹெட்செட் தேர்வாகியுள்ளதா என நோக்க வேண்டும்.

விட்டுவிட்டு ஒலித்தால் இடத்தை ஆராய்தல் நலம். கணினியின் பின்புறம் செருகிய அடாப்டரின் அலையை உலோகப் பெட்டி மறைக்கும். யூ.எஸ்.பி. 3.0 துளைகளில் இயங்கும் கருவிகளும் இந்த அலைக்கற்றையில் இரைச்சல் எழுப்பக்கூடும். நீட்டிப்புக் கம்பியால் அடாப்டரை மேசைமேல் வைத்தால் இவ்விரு தடைகளும் குறையும்.

ஒலிவாங்கியை இயக்கியதும் இசையின் தரம் தாழ்வது பழுதன்று. வழக்கமான புளூடூத்தில் கேட்டலும் பேசுதலும் ஒருங்கே நிகழும்போது ஒலியின் தரம் குறைக்கப்படுகிறது. தனி ஒலிவாங்கியைப் பயன்படுத்தினால் அக்குறை நீங்கும்.

தெரிந்து தெளிவோம்

10ஆம் நூற்றாண்டில் டென்மார்க்கை ஆண்ட ஹெரால்ட் புளூடூத் என்னும் அரசரின் பெயரே இந்நுட்பத்திற்குச் சூட்டப்பட்டது. அவர் பெயரின் முதலெழுத்துகள் இரண்டையும் பழைய ரூனிக் வரிவடிவில் இணைத்து இதன் சின்னம் அமைக்கப்பட்டது.

மாற்று வழி

திரையைக் காண்பவர் மேற்கண்ட படிகளைத் தாமே செய்துவிடலாம். செவியால் படிப்பவருக்கோ அப்படிகளைச் செய்வதற்கே ஒலி வேண்டும். எனவே, பொதுக் கணினிகள் உள்ள இடங்களில் ஓர் ஒலிபெருக்கியோ கம்பியுள்ள ஹெட்செட்டோ எப்போதும் இணைந்திருத்தல் நன்று. எல்லாவற்றையும் ஒரே வேளையில் மாற்றுபவர் குறையை நீக்கினாலும் அதன் காரணத்தை அறியார். நல்ல கருவியையும் மின்னணுக் கழிவாக்கிவிடுவார். வழியைப் படிப்படியாகப் பின்தொடர்பவரோ அடுத்த முறை பிறருக்கும் உதவுவார்.

கற்பவை கற்றபின்...

1. பள்ளிக் கணினி ஆய்வகத்தில் பார்வை மாற்றுத்திறன் மாணவர் பயன்படுத்துவதற்கு ஏற்ற ஒலி வசதிகள் உள்ளனவா எனக் கண்டறிந்து அறிக்கை எழுதுக.
2. இப்பாடத்தின் படிகளைத் திரையைக் காணாமல் செவியால் மட்டுமே கேட்டுச் செய்யத்தக்க குறிப்புகளாக மாற்றி எழுதுக.