சொல்லும் பண்பும் தந்த உயர்வு

ஒரு தொழிலில் புகுவார்க்கு அத்தொழில் பற்றிய அறிவு இன்றியமையாதது. ஆயினும், அவ்வறிவு ஒன்றே ஒருவரை உயர்த்திவிடும் என்று கருதுதல் பொருந்தாது. தாம் அறிந்ததைப் பிறர் உளங்கொள உரைத்தல், பிறர் உரைப்பதைப் பொறுமையுடன் கேட்டல், குறை கூறுவாரை வெகுளாது அவர் கூற்றை ஆராய்ந்து ஏற்றல், உடன் பணியாற்றுவாரோடு ஒத்துப் பழகுதல், காலத்தைக் கணக்கிட்டுச் செலவிடுதல் ஆகிய பண்புகளும் வேண்டும். இக்காலத்தார் இவற்றை மென்திறன்கள் என வழங்குவர். பெயர் புதிது, பொருளோ பழமையானது. திருவள்ளுவர் கேள்விக்கும், சொல்வன்மைக்கும், வெகுளாமைக்கும் தனித்தனி அதிகாரம் வகுத்தமை இதற்குச் சான்றாகும்.

இத்திறன்கள் பிறவியிலேயே அமைவன என்றும், அமையாதார் அவற்றை முயன்று பெறுதல் இயலாது என்றும் எண்ணுவார் பலர். அவ்வெண்ணம் பிழையானது என்பதை மைக்கேல் பாரடே என்னும் அறிவியல் அறிஞரின் வாழ்க்கை தெளிவாகக் காட்டும்.

பாரடே 1791ஆம் ஆண்டு இலண்டன் மாநகரை அடுத்த நியூயிங்டன் என்னும் இடத்தில் பிறந்தார். அவர் தந்தையார் ஒரு கொல்லர்; உடல்நலம் குன்றியவர். குடும்பத்தை வறுமை வாட்டியது. எழுத்தும் எண்ணும் ஓரளவு கற்ற பின்னர்ப் பாரடேக்குப் பள்ளிப்படிப்பு வாய்க்கவில்லை. பதினான்காம் வயதில் அவர் ரீபோ என்னும் புத்தக வணிகரிடம் நூல்கட்டும் தொழில் பயிலச் சேர்ந்தார். பயிற்சிக்காலம் ஏழாண்டுகள். தாளை மடித்தல், தைத்தல், அட்டை பிணித்தல் ஆகியவையே அவர்தம் நாள்வேலைகள். செல்வமும் கல்விப் பட்டமும் பெரியோர் நட்பும் இல்லாத அவ்விளைஞர் வாழ்நாள் முழுவதும் அப்பட்டறையிலேயே இருந்திருப்பின், எவரும் வியந்திரார்.

ஆனால், கட்டுவதற்கு வந்த நூல்களைப் பாரடே படிக்கலானார். கலைக்களஞ்சியத்தில் மின்சாரத்தைப் பற்றிய கட்டுரையும், மார்செட் அம்மையார் எழுதிய வேதியியல் உரையாடல் நூலும் அவர் உள்ளத்தைக் கவர்ந்தன. மனத்தைப் பண்படுத்தும் வழிகளைப் பற்றி ஐசக் வாட்ஸ் எழுதிய நூல் ஒன்றும் அவர் கைக்குக் கிட்டியது. கற்றதைக் குறித்து வைத்தல், அறிஞர் சொற்பொழிவுகளைக் கேட்டல், நண்பரோடு கடிதவழி உரையாடுதல் முதலிய நெறிகளை அந்நூல் வற்புறுத்திற்று. பாரடே அவற்றைப் படித்ததோடு நில்லாமல் ஒவ்வொன்றாகக் கடைப்பிடிக்கவும் தலைப்பட்டார்.

1810ஆம் ஆண்டில் டாட்டம் என்பார் தம் இல்லத்தில் மாலை வேளைகளில் அறிவியற் சொற்பொழிவுகள் நிகழ்த்தி வந்தார். ஒரு சொற்பொழிவுக்குக் கட்டணம் ஒரு ஷில்லிங். கொல்லுத்தொழில் செய்த அண்ணன் இராபர்ட் அப்பணத்தைத் தம்பிக்கு அளித்து உதவினார். கேட்டதைப் பாரடே குறிப்பெடுத்தார். இல்லம் சென்று அதனை விரித்து எழுதினார். கருவிகளின் படங்களைச் செம்மையாக வரைய வேண்டி ஓவியம் வல்லார் ஒருவரிடம் வரைகலையும் பயின்றார். இறுதியில் அக்குறிப்புகளைத் தம் கையாலேயே நூலாகக் கட்டினார். நூல்கட்டும் தொழிலும் அவர் கல்விக்குத் துணையாயிற்று.

1812ஆம் ஆண்டு, கடைக்கு வந்த அன்பர் ஒருவர் அளித்த நுழைவுச்சீட்டுகளைக் கொண்டு, இராயல் இன்ஸ்டிடியூஷன் என்னும் அறிவியல் நிலையத்தில் ஹம்பிரி டேவி நிகழ்த்திய நான்கு சொற்பொழிவுகளைப் பாரடே கேட்டார். அவ்வாண்டே அவரது பயிற்சிக்காலம் முடிந்தது. அறிவியல் துறையில் எவ்வளவு சிறிய வேலையாயினும் வேண்டும் என்று இராயல் சொசைட்டியின் தலைவருக்கு அவர் எழுதிய விண்ணப்பத்திற்கு விடையே கிடைக்கவில்லை. எனினும் அவர் தளரவில்லை. டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்டு எழுதிய குறிப்புகளைப் படங்களுடன் அழகிய நூலாக்கி, ஒரு மடலோடு டேவிக்கே அனுப்பினார். டேவி அவரை அழைத்து அன்புடன் பேசினார். எனினும், வேலை ஏதும் இல்லாமையால் நூல்கட்டும் தொழிலையே தொடருமாறு அறிவுரை கூறி அனுப்பினார்.

சில வாரங்களில் எதிர்பாராத நிகழ்ச்சி ஒன்று நேர்ந்தது. அந்நிலையத்தில் வேலை பார்த்த உதவியாளர் ஒருவர், கருவி செய்பவரோடு பூசலிட்டு அவரைத் தாக்கினார்; அதனால் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். அவ்விடத்திற்கு யாரை அமர்த்துவது என்ற வினா எழுந்தபோது, அழகிய குறிப்பு நூலை அனுப்பிய இளைஞர் டேவியின் நினைவுக்கு வந்தார். 1813ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், வாரம் 25 ஷில்லிங் ஊதியத்தில் பாரடே உதவியாளராக அமர்ந்தார். சினத்தை அடக்க மாட்டாத ஒருவர் இழந்த இடத்தை, செவிசாய்த்துக் கேட்கவும் கேட்டதைத் தெளிவாக எழுதவும் பழகிய ஒருவர் பெற்றார். இது சிந்திக்கத்தக்கது.

வேலை கிடைத்ததும் முயற்சியை விடுவார் உளர். பாரடேயோ அதனை மேலும் மிகுவித்தார். சொற்பொழிவாளருக்குக் கருவிகளை எடுத்துக் கொடுத்து நின்ற அவர், சோதனையை மட்டுமன்றிப் பேசுவாரையும் கேட்பாரையும் கூர்ந்து நோக்கினார். பேசுவார் எவ்வாறு நிற்றல் வேண்டும், எவ்வளவு நேரம் பேசுதல் தகும், அவையின் கருத்து எப்பொழுது சிதறுகிறது என்பனவற்றை ஆராய்ந்து, தம் நண்பர் அபட்டுக்கு விரிவான மடல்கள் எழுதினார். ஒரு மணி நேரத்திற்கு மேல் எவரும் பேசுதல் ஆகாது என்பது அவர் கண்ட முடிவு.

தம் பேச்சிலும் எழுத்திலும் குறைகள் உண்டென்பதைப் பாரடே நன்கு உணர்ந்திருந்தார். எனவே, மக்ராத் என்பாரும் வேறு சில நண்பர்களும் அவரும் ஒரு சிறு குழுவாகக் கூடினர். ஒருவர் படிக்க மற்றவர் கேட்டு, உச்சரிப்பிலும் சொற்றொடரிலும் உள்ள பிழைகளை ஒளிவுமறைவின்றி எடுத்துரைத்துத் திருத்துவர். இப்பயிற்சி பல ஆண்டுகள் நடைபெற்றது. குறை கேட்டு முகம் சுளிப்பவர் அக்குழுவில் நிலைத்திருத்தல் இயலாது. 1818இல் ஸ்மார்ட் என்னும் பேச்சுக்கலை ஆசிரியரின் சொற்பொழிவுகளைக் கேட்டு நூற்றுக்கு மேற்பட்ட பக்கங்கள் குறிப்பெழுதினார். பின்னர் அவரிடம் கட்டணம் செலுத்தித் தனியாகவும் பயின்றார்.

ஆர்வ மிகுதியால் விரைந்து பேசும் குறை அவரிடம் இருந்தது. அதனைத் தடுக்க, ‘மெல்ல’ என்று எழுதிய அட்டை ஒன்றைச் சொற்பொழிவின்போது முன்னே வைத்துக்கொள்வார். அதனை மறந்து அவர் விரையின், உதவியாளர் ஆண்டர்சன் அவ்வட்டையை அவர் கண்முன் நிறுத்துவார். நேரம் முடிவதைக் காட்டவும் ஓர் அட்டை இருந்தது. புகழ் பெற்ற அறிஞர் ஒருவர் பலர் கூடிய அவையில் தம் உதவியாளரே தம்மைத் திருத்துமாறு பணித்திருந்தமை அவருடைய பெருந்தன்மையைப் புலப்படுத்தும்.

பொறுமைக்கும் சோதனைகள் வந்தன. 1813 முதல் 1815 வரை டேவியுடன் ஐரோப்பிய நாடுகளில் பயணம் செய்தபோது, டேவியின் மனைவியார் அவரை வேலையாள் போல நடத்தினார். பாரடே மனம் வருந்தினார். எனினும், ஆங்காங்கே அறிஞர்களைக் கண்டு கற்கும் வாய்ப்பை எண்ணிப் பொறுத்தார். 1821இல் அவர் மின்காந்தச் சுழற்சியைக் கண்டறிந்து வெளியிட்டபோது, வொல்லஸ்டன் என்னும் அறிஞரின் கருத்தைக் கவர்ந்துகொண்டார் என்ற பழிச்சொல் எழுந்தது. அவரது நற்பெயரே அழியும் நிலை. பாரடே எவரையும் ஏசவில்லை. வொல்லஸ்டனுக்கே நேராக எழுதி, தம் நிலையைப் பணிவுடன் விளக்கினார். 1824இல் இராயல் சொசைட்டிக்கு அவர் தேர்ந்தெடுக்கப்பட்டபோது எதிராக விழுந்தது ஒரே வாக்கு. அத்தேர்தலை டேவியே எதிர்த்திருந்தும், தம்மை முதலில் உயர்த்திய அவரைப் பாரடே என்றும் நன்றியுடனே போற்றினார்.

இப்பயிற்சிகளின் பயன் விரைவில் விளைந்தது. 1825இல் அவர் ஆய்வுக்கூடத்தின் தலைவரானார். 1826இல் வெள்ளிக்கிழமை மாலைச் சொற்பொழிவுகளைத் தொடங்கினார். இளைஞர்க்காக நிகழ்ந்த கிறிஸ்துமஸ் சொற்பொழிவுகளை 1827 முதல் 1860 வரை பத்தொன்பது முறை நிகழ்த்தினார். எரியும் மெழுகுவத்தி ஒன்றைக் கொண்டே வேதியியலின் உண்மைகளை விளக்கிய அவரது சொற்பொழிவுகள் நூலாக வெளிவந்து இன்றும் படிக்கப்படுகின்றன.

மென்திறன்கள் தொழிலறிவுக்கு மாற்று ஆகா என்பதையும் மறத்தல் கூடாது. 1831இல் மின்காந்தத் தூண்டலைக் கண்டறிந்தமையே பாரடேயின் நிலைத்த புகழுக்கு அடிப்படை. ஆயினும், கண்டதைத் தெளிவாக உரைக்கும் ஆற்றல் அவ்வறிவை உலகுடைமை ஆக்கியது. உயர் கணிதம் கல்லாத பாரடே எளிய சொற்களில் எழுதியவற்றை மாக்ஸ்வெல் கற்று, அவற்றைக் கணித முறையில் அமைத்தார். எழுத்தில் தெளிவு இல்லாதிருப்பின், அவ்வரிய கருத்துகள் அடுத்த தலைமுறைக்கு எட்டியிருத்தல் அரிது.

ஆகவே, நாநயமும் நற்பண்பும் சிலர்க்கே உரிய பிறவிப் பேறுகள் அல்ல. நூல் கட்டுதல் ஒரு தொழிலாவது போலவே, கேட்டலும் உரைத்தலும் பொறுத்தலும் பழகிப் பெறத்தக்க தொழில்களே. தம் குறையைத் தாமே காணும் நேர்மையும், பிறர் காட்டும்போது நன்றியுடன் ஏற்கும் பணிவும், நாள்தோறும் விடாது செய்யும் பயிற்சியும் உடையார்க்கு அவை கைவரும். அவை கைவந்தோர் எத்தொழிலில் இருப்பினும், அத்தொழிலும் உயரும், அவரும் உயர்வர்.